வெள்ளியங்கிரியில் பிலிம் கேமரா: நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்

முதல் தடவை கோவைக்குப் பக்கத்திலுள்ள வெள்ளியங்கிரிக்கு பிலிம் கேமராவோடு ஏறியபோது, ஏழாவது மலை உச்சியில் படங்களை எண்ணும் கவுண்டர், 36 படம் எடுக்கும் ரோலில் 36-ஐத் தாண்டி 37 காட்டியது. ரோலில் ஒன்றிரண்டு படம் கூடுதலாகக் கிடைப்பது வழக்கம்தான் என்று சந்தோஷமாகவே எடுத்தேன். 38-க்குப் பிறகும் பிலிமை நகர்த்தும் லீவர் வெண்ணெயில் இழுப்பதுபோல வந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பிலிமின் நுனி, அதைச் சுற்றிக்கொள்ள வேண்டிய கேமராச் சுருளில் மாட்டவே இல்லை. பூண்டி அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஷட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது, ஒரு படமும் விழவில்லை.

அதனால் முதல் தவறு, ரோலை அடிவாரத்தில் வைத்து லோடு செய்வது. பெரும்பாலானவர்கள் இரவில்தான் ஏறுகிறார்கள், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே பிலிம் மாட்டினால் இப்படித்தான் ஆகும். வீட்டிலேயே மாட்டிவிடுங்கள். மூடியதும் இடதுபக்க ரீவைண்ட் குமிழை மெல்லச் சுற்றி பிலிமின் தொய்வை எடுத்துவிட்டு, லீவரை இழுங்கள். குமிழும் கூடவே சுழன்றால் பிலிம் நகர்கிறது, சுழலவில்லை என்றால் இல்லை. மலை முழுக்க இதை அவ்வப்போது பார்த்துக்கொண்டே போகலாம், காசா பணமா.

அப்படியே ஐஎஸ்ஓ (பிலிமின் ஒளி உணர்திறன் எண்) டயலையும் பாருங்கள். போன ரோல் 400, இந்த ரோல் 200, டயலை மாற்ற மறந்துவிட்டோம் என்றால் எல்லாப் படமும் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் குறைந்து, இருட்டாக விழும்.

வெள்ளை விநாயகர் கோயில் வரைக்குமான படிகளில் எறும்பு வரிசைபோல டார்ச் வெளிச்சம் ஏறுவதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இருங்கள். 200 ஐஎஸ்ஓ பிலிமுக்கு அந்த வெளிச்சம் போதாது. 50 எம்எம் லென்ஸ் என்றால் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் 1/60 நொடிக்குக் கீழே போகக் கூடாது என்பார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவருக்கு அதுவே ஆட்டம்தான். விடியும் முன் கட்டாயம் எடுக்க வேண்டுமென்றால், கையில்தான் மூங்கில் தடி இருக்கிறதே, அதை ஊன்றி அதன்மேல் கேமராவை அழுத்திப் பிடித்து, மூச்சை விட்டு முடித்த நொடியில் அமுக்குங்கள். 1/30 கூட ஓரளவு தேறும்.

இப்போது பனிமூட்டம். பலருடைய மலைப் படங்கள் சாம்பல் பூசியதுபோல வருவதற்கு இதுதான் காரணம், லேபைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளை மூட்டத்தைக் காட்டினால் "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று குறைத்துச் சொல்லும். அதை அப்படியே நம்பினால் மூட்டம் அழுக்காகவும் புல்வெளி கறுப்பாகவும் விழும். மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப், மூட்டம் அடர்த்தியாக இருந்தால் ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக வையுங்கள். பயப்பட வேண்டாம், கலர் நெகட்டிவ் வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால்தான் நிழல் பகுதியில் ஒன்றும் இல்லாமல் வெறும் குருணை (புள்ளி புள்ளியான கிரெய்ன்) நிற்கும். நேராகவே பாசிட்டிவ் படமாக வரும் ஸ்லைடு பிலிம் நேர் எதிர், அரை ஸ்டாப் கூடினாலே வெளுத்துவிடும். முதல் மலைப் பயணத்துக்கு அதைக் கொண்டுபோகவே வேண்டாம் என்பேன்.

சூரிய உதயத்திலும் இதே ஏமாற்றுதான். சூரியனைச் சட்டத்துக்குள் வைத்து மீட்டர் பார்த்தால் மலைகள் கரிக்கோடாகிவிடும். சூரியனுக்குப் பக்கவாட்டில் இருக்கும் வானத்தைப் பார்த்து அளந்து, அந்த அளவை மாற்றாமல் திரும்பி எடுங்கள். நன்றாக வெயில் வந்துவிட்டால் மீட்டரே தேவையில்லை: லென்ஸ் துவாரம் எஃப்/16, ஷட்டர் வேகம் 200 பிலிமுக்கு 1/250, 400-க்கு 1/500.

இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருந்தால் பேட்டரி போனாலும் கவலையில்லை, ஆனால் எல்லாக் கேமராவிலும் அது உதவாது. நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000 இரண்டும் மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி கேட்கும், கேனன் ஏஇ-1-ல் பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டரே விழாது. குளிரில் பழைய பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், ஒன்று கூடுதலாக பாக்கெட்டில் இருக்கட்டும். கே1000-க்கு ஆன்-ஆஃப் பட்டனும் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டால்தான் மீட்டர் தூங்கும்.

கேமராவை ஸ்வெட்டருக்குள் போட்டு ஏறாதீர்கள், வேர்வையின் ஈரம் லென்ஸில் படியும். படிந்துவிட்டால் துண்டால் தேய்க்காமல் காற்றில் விடுங்கள், தானே போகும். இரண்டு மூன்று லென்ஸ் எதற்கு? ஆண்டி சுனை வருவதற்குள் யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போகலாமா என்று தோன்றும். 50 எம்எம் ஒன்று போதும்.

ரோலின் உறை, பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, கூடுதல் ரோல்களை ஒரு துணிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று வனத்துறையினர் பையைச் சோதிப்பார்கள், தவிர மேலே குப்பை போட நமக்கு உரிமை இல்லை.

முடிந்த ரோலை முழுவதும் சுற்றி, நுனியையும் உள்ளே விட்டுவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புது ரோல் என்று நினைத்து மறுபடியும் மாட்டுவீர்கள், விடியலும் உச்சியும் ஒன்றின்மேல் ஒன்றாக வரும். இறங்கியதும் ரோலை கார் டேஷ்போர்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், கோவை ஏப்ரல் வெயில் பிலிமுக்கு ஆகாது. கழுவக் கொடுக்கும்போது நெகட்டிவையும் திருப்பித் தரச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போடும் லேப்களும் உண்டு.