சம்புரு மக்களின் பருவச் சடங்குகளைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட கென்யாவில், மரலால் நகரைச் சுற்றியுள்ள வறண்ட நிலங்களில் மாடும் ஆடும் ஒட்டகமும் மேய்த்து வாழும் சம்புரு மக்களை 'மாசாய்களின் ஒரு கிளை' என்று எழுதிவிட்டு நகர்வதே நான் அடிக்கடி காணும் முதல் தவறு. இரு சாராரும் பேசுவது மா மொழிதான். மணியணிகளும் செம்மண் பூச்சும்கூட ஒத்திருக்கும். ஆயினும் 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்ட எங்கிபாத்தா, யுனோட்டோ போன்றவை மாசாய்களின் சடங்குகள்; சம்புருக்களின் சடங்குத் தொடருக்கு இல்முகித் என்று பெயர்.

இதைவிடப் பெரிய தவறு, விருத்தசேதனம் (ஆண்குறியின் முன்தோல் நீக்கம்) முடிந்த அன்றே சிறுவன் ஆண்மகனாகிவிடுகிறான் என்று எழுதுவது. அது தனியொருவனின் சடங்கன்று. ஏறத்தாழ 14 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு வாசல் திறக்கிறது. 1990இல் இல்மோலி, 2005இல் இல்கிஷாமி என அவர்கள் ஒரே வயதுக்குழுவாகி, அந்தப் பெயரைச் சாகும்வரை சுமக்கிறார்கள். கரியும் கொழுப்பும் தேய்த்துக் கருப்பாக்கிய தோலைப் போர்த்திக்கொண்டு, கத்தி படும்போது இமை அசைக்காமல் அமர்ந்திருக்கும் சிறுவன், புண் ஆறும் நாட்களில் வில்லும் அம்பும் ஏந்திச் சின்னஞ்சிறு பறவைகளை வேட்டையாடி, அவற்றைத் தலையைச் சுற்றி மாலையாகக் கட்டிக்கொள்கிறான். பிறகு இல்முகித் தொடரில் வரும் 'அம்புகளின் இல்முகித்' என்ற சடங்கில்தான், மணமான பெண்களின் கண்பட்ட இறைச்சியை இனி உண்ணமாட்டேன் என்று தாயிடம் உறுதி கூறி அவன் மொரான் எனப்படும் இளம் வீரன் ஆகிறான். அந்தச் சொற்களில் ஒரு மகன் தாயின் அடுப்பைவிட்டு விலகுவதைக் காணாமல், வெறும் உணவு விலக்கு என்று எழுதிக் கடப்பது பெரிய இழப்பு.

'மொரான்' என்பதைப் 'போர்வீரன்' என்று மட்டும் பெயர்த்துவிட்டால், ஈட்டி ஏந்திய படம் மட்டுமே வாசகர் மனத்தில் நிற்கும். தொலைதூர மேய்ச்சல் முகாம்களில் கால்நடைகளைக் காப்பதும், வறட்சியில் மணலாற்றுப் படுகையில் ஆழமாகத் தோண்டிய கிணற்றுக்குள் ஒருவர்மேல் ஒருவராக நின்று, பாடிக்கொண்டே வாளிகளைக் கைமாற்றி நீரை மேலேற்றுவதும் அவன் வேலைகளே. அவன் கட்டற்றவனும் அல்லன்: இரண்டு வயதுக்குழு மூத்த பெரியவர்கள், தீக்கடைகோலால் அவன் குழுவுக்கான சடங்கு நெருப்பை மூட்டியவர்கள், அவனைக் கண்டிக்கும் உரிமை உடையவர்கள்; அவர்களுடைய சாபத்துக்கு அவன் அஞ்சுகிறான். அதே தொடரில் பின்னர் வரும் 'காளையின் இல்முகித்' நடக்கும்வரை, அதாவது பல ஆண்டுகள், திருமணத்துக்கும் அவன் காத்திருக்க வேண்டும்.

மரபின் மீதுள்ள மதிப்பினால் சிறுமிகளின் நிலையை மறைப்பதும் தவறுதான். திருமணத்தையொட்டிப் பெண்ணுறுப்பைச் சிதைக்கும் வழக்கத்தைக் கென்யா 2011இல் தனிச் சட்டத்தால் தடைசெய்தது. அதற்கு முன்பே, 1990இல், ரெபேக்கா லோலோசோலி என்ற சம்புருப் பெண்மணியும் தோழியரும் உமோஜா என்ற பெண்கள் மட்டுமே வாழும் ஊரை நிறுவினார்கள். வன்முறைக்கும் கட்டாயத் திருமணத்துக்கும் தப்பி வந்தவர்கள் அங்கே மணிமாலை கோத்து விற்றுத் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.