பழைய துறைமுகத்தை நகரமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமிரபரணி பாயும் நாட்டில் துறைமுகம் இடம் மாறுவது புதிய செய்தி அன்று. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை, ஆறு கொண்டுவந்து தள்ளிய வண்டலால் கடலை இழந்து, இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. அதன்பின் தலையெடுத்த பழையகாயலுக்கும் அதே கதிதான். தூத்துக்குடியின் கதை சற்று வேறு. கரையோரம் ஆழமில்லாததால் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகள்தாம் சரக்கை ஏற்றி இறக்கின. 1974இல் தெற்கே புதுத் துறைமுகம் வந்ததும் பெரிய கப்பல்கள் அங்கே போய்விட்டன. கன்டெய்னர் கப்பல்கள் பெருகப் பெருக, உலகின் பல ஊர்களிலும் இப்படித்தான் பழைய துறைகள் கைவிடப்பட்டன. அவற்றில் பல பின்னர் வீடும் அலுவலகமும் கடையும் நடைபாதையும் கலந்த கடலோர நகர்ப்பகுதிகளாயின. திருநெல்வேலிச் சீமையில் இப்படியோர் யோசனை என்று எழுந்தாலும் பேச்சு தூத்துக்குடியின் பழைய துறைமுகத்தில்தான் தொடங்கும் என்பதால், பிற ஊர்கள் பட்ட பாட்டை அந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது பயனுடையது.

தவறுகளுக்கெல்லாம் தாய் ஒன்று உண்டு: துறைமுக நிலம் காலியாகக் கிடக்கிறது என்று எண்ணிவிடுவது. வரைபடத்தில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பழைய துறைமுகத்துக்குள் போய்ப் பார்த்தால், மாலத்தீவுக்குப் புறப்படவிருக்கும் தோணியில் வெங்காய மூட்டையும் காய்கறியும் சிமெண்டும் ஏறிக்கொண்டிருக்கும்; பக்கத்தில் கரையேற்றி நிறுத்தப்பட்ட இன்னொரு தோணியின் பலகை இடுக்குகளில் தச்சர் பஞ்சைத் திணித்து அடைத்துக்கொண்டிருப்பார். மூட்டை தூக்குபவர், லாரிக்காரர், கயிறு விற்பவர், டீக்கடைக்காரர் என்று ஒரு தோணியை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. இவற்றைக் கணக்கெடுக்காமல் கோடு போடத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் பழைய துறைமுகப் பகுதியான டாக்லாண்ட்ஸ் சான்று. 1981இல் அமைக்கப்பட்ட மேம்பாட்டுக் கழகம் உள்ளூர் மன்றங்களிடமிருந்து திட்டமிடும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. கோபுரங்கள் எழுந்தன, வேலைகளும் வந்தன. ஆனால் அவை வங்கி வேலைகள். கப்பலில் சரக்கு இறக்கிப் பழகியவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. கேப்டவுனின் விக்டோரியா ஆல்ஃபிரட் துறை வேறு வழியில் போனது. அங்கே கடைவீதிக்கும் விடுதிகளுக்கும் பக்கத்திலேயே மீன்பிடிப் படகுகள் வந்துபோகின்றன, பழைய உலர்துறையில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையும் நடக்கிறது. சுற்றுலா வருபவர் அதைத்தான் நின்று வேடிக்கை பார்க்கிறார். தோணித்துறையை அப்புறப்படுத்திவிட்டு அதே இடத்தில் சிமெண்டில் ஒரு தோணியைச் செய்து வைக்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. அதைவிட, ஓடுகிற தோணிக்கு நல்ல கட்டுதுறை கட்டிக் கொடுப்பது செலவிலும் குறைவு, அழகிலும் கூடுதல்.

அடுத்தது நில மட்டம். இதில்தான் அதிகக் கவனம் வேண்டும், ஏனெனில் இங்கே செய்யும் பிழையைப் பிறகு திருத்த முடியாது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள ஹாஃபன்சிட்டி 157 ஹெக்டேர் பரப்புள்ள பழைய துறைமுகப் பகுதி; நகரின் வெள்ளத் தடுப்புக் கரைக்கு வெளியே இருப்பது. அதைச் சுற்றி மதில் எழுப்பாமல், கட்டடங்களையும் சாலைகளையும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 8 முதல் 9 மீட்டர் உயரத்தில் அமைத்தார்கள். பழைய கரையோர நடைபாதை கீழேயே இருக்கிறது. புயல் வெள்ளம் வந்தால் அது முழுகும், முழுகலாம் என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டார்கள். வெள்ள நாளிலும் தீயணைப்பு வண்டி வந்துசேர உயரமான பாலங்களும் உண்டு.

இதை அப்படியே பார்த்துத் தூத்துக்குடியில் செய்தால் அதுவே தவறாகிவிடும். ஹாம்பர்க்குக்கு வெள்ளம் வருவது கடலிலிருந்து. நமக்குக் கடலும் உண்டு, 2004 அதைக் காட்டியது. ஆனால் 2023 டிசம்பரில் ஊரை முழுக்கியது வானமும் மேற்கேயிருந்து வந்த தண்ணீரும். அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது, கோரம்பள்ளம் குளம் உடைந்து, தூத்துக்குடியின் தெருக்களில் பல நாள் தண்ணீர் வடியாமல் நின்றது. தட்டையான ஊர்; மேற்கிலிருந்து வரும் நீர் பக்கிள் ஓடை போன்ற சில வழிகளில்தான் கடலைச் சேர முடியும். இந்நிலையில் கடலோரத் திட்டம் தன் நிலத்தை மட்டும் இரண்டு மூன்று மீட்டர் மண்ணடித்து உயர்த்திக்கொண்டால், புதிய குடியிருப்பு உலர்ந்திருக்கும், பின்னாலுள்ள பழைய தெருக்கள் குளமாகும். ஆகவே கட்டட வரைபடத்துக்கு முன்பே ஊர் முழுவதற்குமான மட்ட அளவை எடுக்கப்பட வேண்டும். ஓடைகளின் முகத்துவாரங்கள் அகலப்படுத்தப்பட வேண்டும். கடல் ஏற்றமும் பெருமழையும் ஒரே நேரத்தில் வந்தால் நீர் எங்கே தங்கும் என்பதற்கு விடை வேண்டும். அந்த விடை ஒரு திடலாகவோ பூங்காவாகவோ இருக்கலாம். வாகன நிறுத்தத்துக்கான நிலவறையாக இருக்கக் கூடாது.

நிலத்துக்கு அடியில் இருப்பதையும் பலர் பார்ப்பதில்லை. துறைமுக மண்ணில் நிலக்கரித் தூளும், எண்ணெயும், பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் துகளும் படிந்திருப்பது வழக்கம். சிட்னியின் பேரங்கரூ பகுதியில் ஒரு காலத்தில் எரிவாயு ஆலை இயங்கியதால், அங்கே கட்டுமானத்தோடு மண்ணைச் சுத்தம் செய்யும் பெரும் வேலையும் சேர்ந்துகொண்டது. கப்பல் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசிவந்த வெள்ளீயச் சேர்மப் பூச்சு 2008 முதல் உலக உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனால் முன்பு உதிர்ந்தது சேற்றில்தானே இருக்கும்? அந்தச் சேற்றைத் தோண்டி எங்கே கொட்டுவது என்பது தூத்துக்குடியில் சிறிய கேள்வி அன்று. எதிரே இருப்பது 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. கலங்கல் படிந்தால் பவளப்பாறை மூச்சுவிடாது. துளையிட்டு மண் மாதிரி எடுக்கும் செலவை ஒப்பந்தக்காரர் தலையில் கட்டாமல், நிலத்துக்கு உரிய அமைப்பே முதலில் செய்து, முடிவுகளை எல்லாரும் பார்க்க வெளியிட வேண்டும்.

முழு நிலத்தையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பதும் ஆபத்துதான். லண்டன் டாக்லாண்ட்ஸில் கேனரி வார்ஃப் அலுவலகக் கோபுரங்களைக் கட்டிய ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனம் 1992இல் கடனில் மூழ்கியபோது, பாதி காலியான கோபுரத்தோடு திட்டம் நின்றது. அந்தத் தொல்லையில் போக்குவரத்துக்கும் பங்கு உண்டு: சிறிய இலகு ரயில் 1987இல் வந்தது, ஆனால் பெருங்கூட்டத்தைச் சுமக்கும் ஜூபிலி சுரங்க ரயில் பாதையின் நீட்டிப்பு 1999இல்தான் வந்தது. ரயில் முதலில், கோபுரம் பிறகு என்று இருந்திருக்க வேண்டும். ஹாம்பர்க்கில் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் உடனே பணம் கட்டி நிலத்தை வாங்கிவிட முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குள் வடிவமைப்புப் போட்டி நடத்தி அனுமதி பெற வேண்டும், தவறினால் நிலம் நகரத்திடமே நிற்கும். மனையை வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறக் காத்திருக்கும் பழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரியவில்லை. நம் பெருந்துறைமுகங்களின் நிலம் பொதுவாகக் குத்தகைக்கே விடப்படுகிறது என்பதால், இத்தகைய நிபந்தனைகளைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிட முடியும்.

கலப்புப் பயன்பாடு என்று தாளில் எழுதிவிட்டுக் கடைசியில் வணிக வளாகத்தை மட்டும் கட்டுவது மற்றொரு தவறு. அமெரிக்காவின் பால்டிமோரில் துறைமுகத்தோரக் கடைவளாகமான ஹார்பர்பிளேஸ் 1980இல் திறக்கப்பட்டபோது உலகமே அதைப் பார்த்துப் படியெடுத்தது. ஆனால் வெளியூர்க்காரருக்கான கடைகளை மட்டுமே நம்பி நின்ற இடம் மெல்ல வெறிச்சோடி, 2019இல் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரிடம் போனது. காலையில் பால் வாங்க வருபவர் இல்லாத கடற்கரையில் மாலைக் கூட்டமும் நெடுநாள் நிற்காது. தூத்துக்குடியில் இதற்கு எளிய உரைகல் இருக்கிறது. ஆகஸ்ட் 5ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்கு வரும் கூட்டம் கடற்கரைச் சாலையில் தாராளமாக நடந்து, கடையில் நின்று, கழிப்பறைக்குப் போய், நிழலில் உட்கார முடிகிறதா என்று பார்த்தாலே அமைப்பு சரியா என்று தெரிந்துவிடும். நிழலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: ஐரோப்பியப் படங்களைப் பார்த்துப் போடப்படும் திறந்த கருங்கல் நடைபாதையில் நம் ஊர் நண்பகலில் நாய்கூட நடக்காது. பூவரசும் புங்கையும் வைத்தால் உப்புக்காற்றைத் தாங்கும். கண்ணாடி முகப்பைவிட, பழைய சரக்குக் கிட்டங்கிகளின் தடித்த சுவரும் உயர்ந்த ஓட்டுக் கூரையும் இந்த வெயிலுக்கு எவ்வளவோ மேல். அவற்றை இடிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்து, தாங்குபவற்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரக் கட்டடத்தின் மேல் எல்லா நம்பிக்கையையும் வைப்பவர்கள் ஹாம்பர்க்கின் எல்ப் இசையரங்கத்தை எடுத்துக்காட்டுவார்கள். அரங்கம் அழகானதுதான். ஆனால் நகரம் தரவேண்டிய பங்கு 7.7 கோடி யூரோவில் தொடங்கி 78.9 கோடியில் முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குடிநீர்க் கணக்கு இன்னும் பாக்கி. ஊருக்கு வரும் தண்ணீர் வல்லநாட்டில் தாமிரபரணியிலிருந்து எடுக்கப்படுகிறது. அதே ஆற்றை நம்பி ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே வாழையும் நெல்லும் இருக்கின்றன. புதிய பகுதியில் எத்தனை பேர் குடியேறுவார்கள், அவர்களுக்கு ஆற்று நீரா, சுத்திகரித்த கழிவுநீரா, கடல்நீரா என்பது அடுக்குமாடிக்கு அனுமதி கொடுக்கும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி எந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதும், ஓடையைத் தூர்வாருவதும் விளக்கை எரிய வைப்பதும் துறைமுகத்தின் பொறுப்பா மாநகராட்சியின் பொறுப்பா என்பதும் அதே கோப்பில் சேர வேண்டும். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே விடப்பட்ட நடைபாதையில் முதலில் உடைவது வடிகால் மூடிதான். அதை மாற்றுவதற்கான தொகை எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது என்று அடிக்கல் நாட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்.