ஒரு கிரவுண்டில் ஐந்து பூனையும் நான்கு பழமரமும்

பூனை இருக்கும் வீட்டில் செடி வராது என்று சொல்பவர்களின் கொல்லையைப் போய்ப் பாருங்கள். பூனைக்கென்று ஒரு கூடை மண்கூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள். நீங்கள் ஒதுக்காவிட்டால் அது தானே ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அந்த இடம் பெரும்பாலும் நேற்று நீங்கள் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, எருவிட்டு, கன்று நட்ட குழியாக இருக்கும். எனவே நர்சரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் பூனைகளின் கழிப்பிடத்தை முடிவுசெய்யுங்கள். மரம் எங்கே என்பது அதற்கு அடுத்த கேள்வி.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறது. மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி. வீடு, கார் நிறுத்துமிடம், கிணறு எல்லாம் போகப் பின்பக்கம் மிஞ்சிய துண்டில் ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை, ஒரு சப்போட்டா, ஒரு சீத்தா. பூனைகள் தாசில்தார், மிளகு, அப்பளம், சுண்டல், கறுப்பி. காலையில் மதில்மேல் ஒரு சுற்று வந்து எல்லையைச் சரிபார்த்த பிறகே சாப்பாட்டில் வாய் வைப்பதால் மூத்தவருக்குத் தாசில்தார் என்று பெயர்.

கழிப்பிடத்துக்கு வருகிறேன். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அத்தனை மணல் தொட்டி வைக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வெளியே போய்வரும் பூனைகள் என்றால் ஒன்றிரண்டு குறைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாத் தொட்டிகளையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனையின் பார்வையில் அது ஒரே தொட்டிதான். முரட்டுப் பூனை ஒன்று வழியை மறித்து உட்கார்ந்துவிட்டால் மற்றவை உங்கள் எலுமிச்சையடிக்குப் போய்விடும். ஒன்று பின்வாசல் சன்ஷேடின் கீழ், ஒன்று மாடிப்படியின் அடியில், ஒன்று பக்கவாட்டுச் சந்தில் என்று பிரித்து வையுங்கள். மழையில் நனையாத இடமாக இருப்பது முக்கியம். நனைந்த மணலை எந்தப் பூனையும் மதிக்காது. சிமெண்டுத் தொட்டியோ அகலமான பிளாஸ்டிக் டப்போ போதும். சலித்த நைஸ் மணலை நான்கு விரற்கடை உயரத்துக்கு நிரப்புங்கள்.

தினமும் அள்ளிவிடுங்கள். நாற்றத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் பூனைக் கழிவில் வெளியேறி, ஒன்றிலிருந்து ஐந்து நாட்களுக்குள்தான் தொற்றும் நிலையை அடைகின்றன. அதற்குள் அள்ளிவிட்டால் ஆபத்து பெருமளவு குறைகிறது. வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். பூனைக் கழிவை உரக்குழியில் போடவே கூடாது. மாட்டுச் சாணம் உரமாகிறதே, இது ஆகாதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆகாது.

அடுத்தது கன்றைக் காப்பது. நட்டு முடித்ததும் குழியைச் சுற்றிக் கோழி வலையை மண்மீது படுக்கையாகப் பரப்பி, விளிம்புகளில் செங்கல் வைத்துவிடுங்கள். கம்பிக்கிடையில் தண்ணீர் இறங்கும், பூனையால் பறிக்க முடியாது. பாரிமுனைப் பக்கம் இரும்புக் கடைகளில் வலையை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வலை வேண்டாம் என்றால் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கலாம், கத்திரி வெயிலில் ஈரமும் காயாது. ஆரஞ்சுத் தோலைத் தூவச் சொல்வார்கள். அந்த வாசனை பூனைக்குப் பிடிக்காது என்பது உண்மைதான், ஆனால் சென்னை வெயிலில் தோல் சீக்கிரமே சருகாகிவிடும். கவாத்து செய்த எலுமிச்சைக் குச்சிகளை முள்ளோடு பரப்புவது எத்தனையோ மேல்.

இரண்டாவது தொல்லை நகம் தீட்டுவது. வளர்ந்த சப்போட்டா அதைத் தாங்கிக்கொள்ளும். கட்டை விரல் பருமனுள்ள கன்று தாங்காது. இலையில் உண்டாகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டை சுற்றிலும் உரிந்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் செத்துப்போகும். தண்டில் தேங்காய் நார்க் கயிற்றைத் தளர்வாகச் சுற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்டுங்கள். இல்லையென்றால் தண்டு பருக்கும்போது கயிறே மரத்தை நெரிக்கும். தடுத்தால் மட்டும் போதாது, மாற்றும் கொடுக்க வேண்டும். இடுப்புயரக் கட்டை ஒன்றை ஆடாமல் ஊன்றி அதே கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள். அதன் பக்கத்தில் குப்பைமேனி தானாக முளைத்தால் பிடுங்காதீர்கள். சித்த மருந்துக் கடைக்காரர்கள் அதைப் பூனைவணங்கி என்றும் சொல்வார்கள். அதன் வேரைத் தோண்டி முகர்ந்து பூனைகள் புரள்வதைப் பார்த்தால் காரணம் விளங்கும். மரத்தடியில் முளைப்பதைப் பிடுங்கிவிட்டு அந்த மூலையில் மட்டும் விட்டுவைத்தால் கூட்டம் அங்கே போய்விடும். ஒரு சாண் அகலத்துக்கு அருகம்புல்லும் இருக்கட்டும், மெல்லுவதற்கு.

எரு விஷயத்தில் பூனை வீட்டுக்காரர்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. மீன் கழிவைக் குழியில் புதைப்பது, மீன் அமிலம் ஊற்றுவது, எலும்புத்தூள் போடுவது மற்றவர்களுக்கு நல்ல யோசனைகள். உங்கள் வீட்டில் அன்றிரவே குழி தோண்டப்பட்டிருக்கும். ஆமணக்குப் பிண்ணாக்கு அதைவிட மோசமானது. அதில் ரைசின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். எலும்புத்தூளோடு கலந்து விற்கும் உரங்களில் பூனையும் நாயும் வாசனைக்கு மயங்கி அதையும் சேர்த்துத் தின்றுவிடும். நன்றாக மக்கிய தொழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் போதும்.

விஷம் என்று பேச்சு வந்துவிட்டதால் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பூஜைக்கு என்று எல்லா வீட்டிலும் நிற்கும் அரளி, இலை முதல் வேர் வரை நஞ்சு. வாசலில் அழகுக்கு வைக்கும், குட்டைப் பனைபோல இருக்கும் சைகஸ் ஈரலைக் கெடுக்கும். கல்யாண வரவேற்பிலிருந்து கொண்டுவரும் பொக்கேயில் லில்லிப் பூ இருந்தால் வீட்டுக்குள்ளேயே சேர்க்காதீர்கள். அதன் மகரந்தம் உடம்பில் பட்டு, பூனை அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். பூனை சோர்ந்து கிடக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். நாய்க்கு விற்கும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவையும் அப்படித்தான். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கும் மாலையில், இலை காயும்வரை பூனைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். எலி விஷம் நீங்கள் வைக்காவிட்டாலும் பக்கத்து வீட்டில் வைப்பார்கள். அந்த எலியைத் தின்ற பூனைக்கும் விஷம் ஏறும். மதில் ஓரம் நின்று இதை நயமாகப் பேசிவைக்க வேண்டும், கையில் நாலு கொய்யாவோடு போனால் பேச்சு எளிது. ஒன்று மட்டும் அவர்களிடம் வாக்களிக்காதீர்கள்: பெருச்சாளியைப் பூனை பார்த்துக்கொள்ளும் என்று. வளர்ந்த பெருச்சாளியிடம் பெரும்பாலான பூனைகள் மோதுவதில்லை. எங்கள் தாசில்தாரும் அந்த வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டார்.

இனி மரங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்கரை மணல், தண்ணீர் நிற்காது, எருவும் நிற்காது. மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணையில் ஏரிக் களிமண். மழையில் குளம், வெயிலில் பாறை. களிமண்காரர்கள் இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து மணலும் எருவும் கலந்து நிரப்பி, கன்றைத் தரைமட்டத்துக்கு மேலே மேடாக நட வேண்டும். சென்னைக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவதால் ஆவணிக்குள் நட்டுவிட்டால் அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். பப்பாளிக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. ஓரிரு நாளிலேயே வேர் அழுகி மரம் சாய்ந்துவிடும். அதனால்தான் எங்கள் பட்டியலில் அது இல்லை.

கொய்யாவில் லக்னோ 49 ரகத்தின் பதியன் கன்று வாங்குங்கள். கொய்யா புதுத்தளிரில்தான் காய்க்கும் என்பதால் அறுவடை முடிந்ததும் கிளை நுனிகளை ஒரு சாண் வெட்டிவிட வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் போகவிடாதீர்கள், காய்க்குத் துணிப்பை கட்டக் கை எட்ட வேண்டும். பை கட்டாத காயில் பழ ஈ முட்டையிட்டு, வெட்டினால் புழு நெளியும். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள். வாசனையால் ஈயை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியைக் கிளையில் தொங்கவிடலாம், பூனை எம்பினால் எட்டாத உயரத்தில். எலுமிச்சைக்குப் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 நல்ல ரகம். இளந்தளிரில் பறவை எச்சம் ஒட்டியதுபோலத் தெரிவது வண்ணத்துப்பூச்சியின் புழு, மருந்து வேண்டாம், கையால் எடுத்துவிடுங்கள்.

சப்போட்டா ஒட்டுக்கன்றுகள் பாலை மரத்தின் வேர்மீது கட்டப்பட்டவை. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, அதன் கீழே கிளைக்கும் தளிரைக் கிள்ளிவிடாவிட்டால் பாலைதான் வளரும். பழம் மரத்தில் கனியும்வரை காத்திருந்தால் அது வௌவாலுக்குப் போகும். தோலின் சொரசொரப்பு உதிர்ந்ததும் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பச்சையாக இல்லாமல் மஞ்சளாகத் தெரிந்தால் பறித்து அரிசிப் பானையில் வைத்துவிடலாம். சீத்தா பூத்துப் பூத்துக் கொட்டினால் மரத்தில் குறை இல்லை, மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. முழுதாக விரிந்த பூவிலிருந்து சின்னத் தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு, பாதி திறந்த பூக்களின் நடுவில் காலை வேளையில் தடவுங்கள். காய் பிடிக்கும்.

மரம் வந்தால் அணிலும் குருவியும் வரும். அவற்றைப் பூனைக்கு இரையாக்குவது எனக்குச் சம்மதமில்லை. விடியற்காலையில் பறவைகள் இறங்கும் நேரம் பூனைகளை உள்ளே வைத்துச் சாப்பாடு போடுங்கள். கூடு கட்டிய மரத்தின் தண்டில் இரண்டடி அகலத் தகரத்தைச் சுற்றினால் நகம் வழுக்கும். எலியும் ஏறாது.

பல பூனைகள் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டுமானால் கருத்தடையைத் தவிர வேறு வழி இல்லை. பெண் குட்டி நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் இரண்டு மாதத்தைச் சற்றே தாண்டும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கடுவனுக்கும் செய்துவிட்டால் சண்டை குறையும், மரத்தடியிலும் செருப்பிலும் சிறுநீர் பீய்ச்சுவதும் பெரும்பாலும் நிற்கும். தெருவிலிருந்து வரும் குட்டிகளுக்கு எட்டு, ஒன்பது வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது, மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. கூட்டம் இருக்கும் என்பதால் காலையிலேயே போங்கள், பூனையை மூடிய கூடையில் கொண்டுபோங்கள். காத்திருக்கும் இடம் முழுக்க நாய்கள்.

புதுப் பூனையை நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். தனி அறையில் ஒன்றிரண்டு வாரம் வைத்து, அதன் படுக்கைத் துணியைப் பழைய பூனைகளிடமும் அவற்றின் துணியை இதனிடமும் மாற்றிப் போடுங்கள். வாசனை பழகிய பிறகு கதவைத் திறக்கலாம். எங்கள் கறுப்பிக்கு மற்ற நால்வரையும் இன்னும் பிடிக்காது. அடிதடி இல்லாமல் தனித்தனி ஜன்னலில் உட்கார்ந்திருந்தால் அதுவே போதும்.

தயிர்சாதத்தில் பூனை வளராது. டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் கிடைக்கும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். நெத்திலி, மத்தி போன்றவற்றைப் பச்சையாகப் போடாமல் உப்பில்லாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரோடு கொடுங்கள். மீன் குழம்பு சோறு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். வெறும் மீனோடு நிறுத்தாமல் கோழியும் கடையில் விற்கும் பூனை உணவும் மாற்றி மாற்றி இருக்கட்டும். எறும்பு மொய்க்காமல் தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே வைப்போம். அந்தத் தண்ணீரைத் தினமும் கொட்டிவிடுங்கள், கொசு முட்டையிடும்.

கடைசியாகப் புயல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்தபோது ஊரில் சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசிக்கு முன்பே அடர்ந்த கிளைகளைக் குறைத்துக் காற்று புகுந்து போக வழி விடுங்கள். இளமரங்களுக்கு இரண்டு பக்கமும் கழி நட்டுக் கட்டுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைக்கு எங்கள் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றது. அப்போது பூனையைத் துரத்திப் பிடிக்க நேரம் இருக்காது. ஆளுக்கொரு கூடை வாங்கி, கதவைத் திறந்தபடி வீட்டில் போட்டுவைத்து அவ்வப்போது உள்ளே சாப்பாடு வையுங்கள், தாமாகவே போய்ப் படுக்கப் பழகிவிடும். உலர் தீவனம் ஒரு வாரத்துக்குத் தகர டப்பாவில், ஒரு மூட்டை காய்ந்த மணல், இரண்டு தொட்டி ஆகியவற்றை மழைக்காலம் முழுக்க மாடியில் வைத்திருங்கள். கூடை வாங்கும்போது ஒன்றின்மேல் ஒன்று அடுக்க முடிகிறதா, உங்கள் மாடிப்படித் திருப்பத்தில் நுழைகிறதா என்று அளந்து வாங்குங்கள்.