பெண் பிள்ளைக்குக் கத்னா: உம்மும்மாவிடம் எப்படிப் பேசுவது

இலங்கை முஸ்லிம் குடும்பங்களில் பெண் பிள்ளைக்குக் கத்னா (பிறப்புறுப்பில் வெட்டுவது அல்லது கீறுவது) செய்வது பெரும்பாலும் பிறந்த 40ஆம் நாளை ஒட்டித்தான். அதைச் செய்யும் பெண்ணான ஒஸ்தா மாமி வீட்டுக்கு வருவார். நடந்தது வீட்டு ஆண்கள் பலருக்குத் தெரியவே வராது. முடிவு உம்மும்மாவின் (தாயின் தாய்) கையில், அல்லது வாப்பாவின் உம்மாவின் (தந்தையின் தாய்) கையில். அதனால் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பேசத் தொடங்குங்கள். பிறந்தபின் தாய் களைத்துக் கிடப்பாள், மூத்தவர்கள் சொன்னதுதான் நடக்கும்.

"உறுப்புச் சிதைப்பு" என்ற சொல்லோடு போய் உட்காராதீர்கள். தன் உம்மா தனக்குச் செய்ததையும் தான் மகளுக்குச் செய்ததையும் நீங்கள் குற்றம் என்பதாகவே அவருக்குக் கேட்கும். கத்னா என்றே சொல்லுங்கள். எதற்காகச் செய்கிறோம் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். சுத்தம் என்பார், ஆசை அடங்கும் என்பார், மார்க்கக் கடமை என்பார். சுத்தத்துக்குத் தண்ணீர் போதும். மற்ற இரண்டுக்கும்தான் தயாராகப் போக வேண்டும்.

"குர்ஆனில் இல்லையே" என்பது உண்மை. ஆனால் அதோடு நின்றால், தொழுகையின் ரக்அத் எண்ணிக்கையும் குர்ஆனில் இல்லையே என்று பதில் வரும். உம்மு அதிய்யா அறிவிக்கும் ஹதீஸை (நபிமொழியை) தெரிந்து வைத்திருங்கள். மதீனாவில் கத்னா செய்துவந்த பெண்ணிடம், ஒட்ட வெட்டாதே, அதுவே பெண்ணுக்கு நல்லது, கணவனுக்கு விருப்பமானது என்கிறது அது. ஆசையை அடக்கச் சொல்லவில்லை, காப்பாற்றச் சொல்கிறது. அதைப் பதிவு செய்த இமாம் அபூதாவூதே அது பலவீனமானது, அதாவது நம்பகம் குறைந்தது என்று குறித்திருக்கிறார்.

ஷாபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு) நூல்கள் கத்னாவைக் கட்டாயம் என்பதையும், இலங்கை மார்க்க அறிஞர் அமைப்பான ஜம்இய்யத்துல் உலமாவின் 2008 பத்வா (மார்க்கத் தீர்ப்பு) அதையே சொன்னதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் நாளை மௌலவி காட்டுவார், பிறகு உங்கள் பேச்சு எடுபடாது. ஹனபி, மாலிகி மத்ஹப்களில் அது கட்டாயமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2007இல் எகிப்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி இதில் இறந்தபின், இதற்கு மார்க்க அடிப்படை இல்லை என்று அல்-அஸ்ஹர் அறிஞர் சபை அறிவித்தது. அங்கே கிறிஸ்தவரான கோப்திக் மக்களிடமும் இவ்வழக்கம் உண்டு. இஸ்லாம் வருவதற்கு ஆறு நூற்றாண்டு முன்பே கிரேக்கர் ஸ்திராபோ எகிப்தில் இதைப் பற்றி எழுதிவிட்டார்.

"சும்மா ஒரு கீறல்தானே" என்பது கடைசி வாதம், மிகவும் வலுவானதும்கூட. 40 நாள் பிள்ளையின் அந்த இடம் சில மில்லிமீட்டர் அளவே. பிள்ளை காலை உதறும்போது பிளேடு எங்கே நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. இரத்தம் போகலாம், சீழ் பிடிக்கலாம், நரம்பு அறுபடலாம். குத்துவதையும் கீறுவதையும் உலக சுகாதார நிறுவனம் பெண் உறுப்புச் சிதைப்பின் நான்காம் வகையில் சேர்த்திருக்கிறது. டொக்டரிடம் கொண்டுபோகலாம் என்றால், மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாதென்று சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை விட்டதைச் சொல்லுங்கள்.

நாற்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். குளிப்பாட்டட்டும், விருந்து வைக்கட்டும். ஒஸ்தா மாமியையும் அழையுங்கள். அவருக்கு வழமையாகக் கொடுக்கும் காசு குறைய வேண்டாம். கத்னா இல்லை என்று முதல் நாளே அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அன்று முழுக்க, உடன்பட்ட ஒருவர் பிள்ளையோடு அறையிலேயே இருக்கட்டும்.