சாப்டர் புக் எழுதலாம்: நாயகிக்கு எட்டு வயது, நிறம் கறுப்பு

படப் புத்தகங்களைத் தாண்டி, தானாகவே படிக்கத் தொடங்கும் ஆறிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் எழுதப்படுபவை சாப்டர் புக்குகள். பள்ளியில் படிக்கத் தந்த கதைகளில் வெள்ளைக்காரப் பையன்களும் அவர்களுடைய நாய்களுமே வருகிறார்கள் என்று சலித்துப்போன மார்லி டயஸ் என்ற நியூ ஜெர்சி சிறுமி, கறுப்பினச் சிறுமிகள் நாயகிகளாக வரும் ஆயிரம் புத்தகங்களைத் திரட்ட 2015இல் கிளம்பினார். அப்படியொரு புத்தகத்தை நாம் எழுதுவதானால்? நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளரும் ஒரு கறுப்பினச் சிறுமியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

1. அவளுக்கு ஓர் ஆசை வேண்டும்

நிறத்தைப் பிரச்சினையாக வைத்துத் தொடங்காதீர்கள். முதல் அத்தியாயத்தில் யாரோ அவளைக் கேலி செய்ய, கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் திருந்திவிடும் கதைகள் போதும் போதும் என்றாகிவிட்டன. எட்டு வயதுப் பிள்ளைக்கு வேறு வேலை இருக்கிறது. நம் நாயகிக்கு டபுள் டச் ஆட வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று இரண்டு நீளக் கயிறுகளை எதிர்த்திசைகளில் சுற்ற, நடுவில் புகுந்து குதிக்கும் ஆட்டம். நியூயார்க் தெருக்களில் கறுப்பினச் சிறுமிகள் வளர்த்தெடுத்தது. 1974இல் அங்கே அதற்குப் போட்டியே நடத்தத் தொடங்கினார்கள். இவளுக்கோ கயிற்றுக்குள் நுழையவே வரவில்லை. சரி, கதை கிடைத்துவிட்டது.

2. அளவு

ஆங்கிலத்தில் ஏறக்குறைய 6,000 முதல் 10,000 சொற்கள், எட்டு அல்லது பத்து அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் பக்கத்தைப் புரட்ட வைக்கும் இடத்தில் நிற்கட்டும்.

3. வீட்டை எழுதுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். தலைமுடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பல கறுப்பினக் குடும்பங்களில் 'வாஷ் டே' என்றால் மணிக்கணக்கில் வேலை: அலசி, சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, வகிடு பிரித்துப் பின்ன வேண்டும். அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் பிள்ளை மனதில் இருப்பதைக் கொட்டும். ஒரு முழு அத்தியாயம் அங்கே இருக்கிறது. தூங்கும்போது சாட்டின் தொப்பி, குதிக்கும்போது சடைநுனி மணிகளின் சத்தம். இப்படிப் பின்னிய முடியைக் காரணம் காட்டிப் பள்ளியில் பாகுபாடு கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டதே 2019இல்தான். ஆனால் கதைக்குள் அதற்கெல்லாம் பாடம் எடுக்க வேண்டாம். பின்னலைப் பின்னலாக எழுதினால் போதும்.

தோலின் நிறத்துக்குக் காபி, சாக்லேட் என்று தின்பண்டங்களைத் தேடிப் போகாதீர்கள். அடர்பழுப்பு என்றால் அடர்பழுப்பு. அப்புறம், நம்மவர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை: 'கறுப்பாக இருந்தாலும் களையாக இருப்பாள்' என்கிற தொனி எங்கேயாவது எட்டிப் பார்த்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

4. அவள் வளரட்டும்

கோப்பையை அவள் கையில் கொடுத்து முடிப்பது சுலபம். அதைவிட, ஒழுங்காகக் கயிறு சுற்ற ஆளில்லாமல் யாராலும் குதிக்க முடியாது என்பதை அவள் கண்டுகொள்ளட்டும். முக்கியமாக, அதை அம்மாவோ டீச்சரோ சொல்லித் தரக்கூடாது.

5. படிக்கக் கொடுங்கள்

அந்தச் சமூகத்தில் வளர்ந்த ஒருவரிடம் பணம் கொடுத்தே படிக்கச் சொல்லுங்கள். நட்புக்காகப் படிப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடுவார். பிறகு ஓர் எட்டு வயதுப் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, திக்குகிற இடத்திலும் கொட்டாவி விடுகிற இடத்திலும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.