கூன்முதுகு பிரவுனிங் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறுநடவு செய்த இளங்கன்றின் குருத்தை ஒரே இரவில் வரிசை வரிசையாகத் தோண்டித் தின்றுவிட்டுப் போய்விடும். அதற்காக முறைப்படி லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் சிலர் கையில் பழைய பிரவுனிங் ஆட்டோ-5 இருக்கிறது. என்னிடம் இருப்பதும் அதுதான், பெல்ஜியத்தில் செய்த 12 போர் (போர் என்பது குழலின் வாய் அளவு). அதைப் பற்றி இந்த ஊரில் வருகிற புகார்களில் முக்கால்வாசி துப்பாக்கியின் குறை இல்லை, நாம் செய்கிற தவறு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, தோற்றத்தை வைத்து முடிவு கட்டுவது. முதல் தடவை பார்ப்பவர்கள் "என்ன அண்ணே, பின்னால வெட்டி விட்ட மாதிரி இருக்கு" என்பார்கள். மற்ற துப்பாக்கிகளில் உடல் பகுதி சரிந்து கட்டையோடு சேரும். இதில் அது கடைசி வரை ஒரே உயரமாக வந்து சட்டென்று கீழே இறங்குகிறது, அதுதான் அந்தக் கூன். ஜான் பிரவுனிங் இதை வடிவமைத்தது 1890களின் கடைசியில், காப்புரிமை 1900-இல். பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனியும் அப்புறம் ஜப்பானின் மிரோக்கு கம்பெனியும் சேர்ந்து 1990களின் கடைசி வரை செய்துகொண்டிருந்தன. அவ்வளவு காலம் அந்தக் கூனை மாற்றாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. உள்ளே இருக்கிற பூட்டு (போல்ட், அதாவது தோட்டாவைத் தள்ளிக் குழலின் பின்பக்கத்தை அடைக்கிற பாகம்) பின்னால் ஓட இடம் வேண்டும். அதோடு, மேல்பக்கம் நீளமாக, மட்டமாக இருப்பதால் அந்தி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவுடன் கண் நேராகக் குழலின் முனைக்குப் போய்விடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

இந்த மண்ணுக்கும் அதற்கும் பழைய தொடர்பு இருக்கிறது. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய மேலாளர்கள் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களால் சுடப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த வருடங்களில் பிரிட்டிஷ் படைகள் காட்டுக்குள் எடுத்துக்கொண்டு போன துப்பாக்கிகளில் இதுவும் ஒன்று.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் துப்பாக்கியில் சுட்டவுடன் குழலும் பூட்டும் ஒன்றாகச் சேர்ந்து முழுதாகப் பின்னால் வருகின்றன. அப்புறம் குழல் மட்டும் முன்னால் போகிறது, காலித் தோட்டா வெளியே விழுகிறது, கடைசியாகப் பூட்டு அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு மூடுகிறது. தோளில் இரண்டு அடி விழுந்தது போலத் தெரிவது இதனால்தான். இவ்வளவு கனமான குழல் ஓடி வருவதைத் தடுத்து நிறுத்துவது ஒரு சுருளும் (ஸ்பிரிங்), முன்கட்டைக்குள் (குழலுக்குக் கீழே கை பிடிக்கிற மரம்) தோட்டாக் குழாயைச் (அடுத்தடுத்த தோட்டாக்கள் இருக்கிற குழாய்) சுற்றி இருக்கிற இரண்டு வளையங்களும். ஒன்று வெண்கலத் துண்டு, அது எப்போதும் முன்னால், குழலின் வளையத்தை ஒட்டி இருக்கும். இன்னொன்று ஒரு பக்கம் சரிவாகச் சீவிய எஃகு வளையம், அதைத்தான் இடம் மாற்ற வேண்டும். கனமான தோட்டா சுடும்போது அது சுருளுக்கும் வெண்கலத் துண்டுக்கும் நடுவில், சரிவு வெண்கலத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். லேசான தோட்டா சுடும்போது அதைச் சுருளுக்குப் பின்னால், உடல் பகுதியை ஒட்டிப் போட்டுவிட வேண்டும். அப்போது பிடிப்பு குறையும், லேசான தோட்டாவும் குழலைப் பின்னால் தள்ளும்.

இதைத் திறந்தே பார்க்காமல் பத்து வருடம் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். வளையம் லேசான தோட்டாவுக்கான இடத்திலேயே கிடக்கும், அவர்கள் பன்றிக்கென்று கனமான எஸ்.ஜி. (பெரிய ஈயக்குண்டுகள் உள்ள) தோட்டாவாகப் போட்டுச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். குழல் தடையில்லாமல் வந்து பின்னால் மோதும், தோள் வீங்கும், முன்கட்டை விரிசல் விடும், கடைசியில் "அடி தாங்க முடியல" என்று துப்பாக்கியைக் குறை சொல்வார்கள். தோட்டாப் பெட்டியில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். காலித் தோட்டா வெகுதூரம் பறந்து போய், அடியும் பலமாக இருந்தால் வளையம் தவறான இடத்தில் இருக்கலாம். காலித் தோட்டா வெளியே வராமல் மாட்டினால் அதற்கு நேர் எதிர்.

என்னுடையதில் முன்கட்டை விரிந்ததற்குக் காரணம் வளையம்கூட இல்லை, எண்ணெய். மழைக்காலத்தில் துரு பிடிக்கும் என்று பயந்து தோட்டாக் குழாய் முழுவதும் எண்ணெயைத் தாராளமாகப் பூசிவிட்டேன். அந்தக் குழாயில் வெண்கலம் உராய்ந்துதான் வேகம் குறைய வேண்டும். பிரேக்கில் எண்ணெய் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. ஐந்தாறு தோட்டாவிலேயே கட்டையில் கோடு விழுந்துவிட்டது, அந்தப் பழைய வால்நட் மரத்துக்கு ஈடாக ஒன்று தேட எனக்கு மாதக்கணக்கில் ஆனது. எண்ணெயை ஒரு துணியில் தொட்டுத் துடைத்து, இன்னொரு காய்ந்த துணியால் திரும்பத் துடையுங்கள், அந்த மெல்லிய பூச்சே போதும். முன்னால் இருக்கிற மூடியையும் இறுக்கமாகத் திருகி வையுங்கள். அது தளர்ந்தாலும் கட்டை வெடிக்கும். அந்த மூடியைக் கழற்றும்போது பூட்டைப் பின்னால் நிறுத்தி, குழலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுருள் உள்ளே அழுத்தத்தில் இருக்கிறது, விட்டால் குழல் துள்ளிக்கொண்டு வரும்.

அடுத்தது ஆபத்தானது. 1950களுக்குப் பிறகு வந்த ஆட்டோ-5-இல், பூட்டு திறந்து நிற்கும்போது கீழிருந்து தோட்டாவை உள்ளே தள்ளினால் அது குழாயில் தங்காது, நேராகச் சுடும் அறைக்குள் ஏறி, பூட்டும் தானாக மூடிவிடும். "குழாயில்தான் போட்டேன், அறை காலியாகத்தான் இருக்கு" என்று நினைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பழைய துப்பாக்கிகளில் பாதுகாப்புப் பொத்தான் (சேஃப்டி), விசையைச் (டிரிகர்) சுற்றி இருக்கிற வளையத்துக்குள்ளேயே, விசைக்கு முன்னால் இருக்கும், அதைத் தள்ள விரலை அந்த வளையத்துக்குள் விட வேண்டும். கை நனைந்து, பன்றியைப் பார்த்த பதற்றத்தில் விரல் எங்கே படும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வகை வைத்திருந்தால் அறையைக் காலியாகவே வைத்துக்கொண்டு நடங்கள்.

இடது பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், குழாயில் இருக்கிற தோட்டாக்களை மேலே வராமல் நிறுத்தி வைக்க. அதைத் தெரியாமல் தட்டிவிட்டு, ஒரு தோட்டாவோடு துப்பாக்கி நின்றுவிட்டது என்று பழுது பார்க்கக் கொண்டு போனவர்களும் உண்டு.

தோட்டாவின் நீளம் பற்றி ஒரே வார்த்தை: சாதாரண 12 போர் ஆட்டோ-5-க்கு 70 மி.மீ. 76 மி.மீ. மேக்னம் அதற்கென்று செய்த துப்பாக்கிக்கு மட்டும். யாராவது பழைய 16 போர் வைத்திருந்தால் அதன் அறை 65 மி.மீ.-ஆகக்கூட இருக்கலாம், அளந்து பார்க்காமல் எதையும் போடாதீர்கள்.

நம் ஊர் ஈரத்துக்குத் தோல் உறை ஆகாது. மழையில் நனைந்து வந்ததை அப்படியே உறைக்குள் போட்டால் நான்கே நாளில் குழலில் செந்தூள் தெரியும். வெளியே தெரிகிற துருவைத் துடைத்துவிடலாம், பின்கட்டைக்குள் பூட்டைத் தள்ளுகிற சுருள் ஒன்று ஒளிந்திருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. பூட்டு சோம்பலாக மூடினால் அங்கேதான் துருவும் பழைய எண்ணெய்ப் பிசினும் சேர்ந்திருக்கும், தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

2012-இல் ஏ5 என்ற பெயரில் பிரவுனிங் புதிதாக ஒன்றை விட்டது. கூன் அதே கூன், உள்ளே வேலை வேறு. குழல் பின்னால் ஓடாது, உராய்வு வளையங்களும் கிடையாது. நான் மேலே சொன்ன வளைய விஷயத்தை அதில் தேட வேண்டாம்.

கடைசியாக, லைசென்ஸ். மாமா பெயரில் இருப்பதை மச்சான் ஒரு ராத்திரிக்கு எடுத்துக்கொண்டு போவது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 1971 துப்பாக்கிகள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின்படி 14 வருடம் வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், காரியம் முடியட்டும் என்று பீரோவில் பூட்டி வைக்காமல் உடனே போலீஸ் நிலையத்தில் சேர்த்துவிடுங்கள், அப்பாவின் ஞாபகமாக அது வேண்டும் என்றால் அங்கிருந்தே உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள். பன்றி சுடப் பெர்ஹிலித்தான் (வனவிலங்கு இலாகா) லைசென்ஸ் தனி, துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது.