‘மில்லியன்ஸ்’ படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி?

வழியில் பணம் கிடந்தால் என்ன செய்வாய் என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், ‘உரியவரிடம் கொடுத்துவிடுவேன்’ என்றுதான் பதில் வரும். பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பழகிய பதில் அது. பணம் கைக்கு வந்தபின் மனம் எப்படியெல்லாம் கணக்குப் போடும் என்பதை அந்தப் பதில் தொடுவதில்லை. டேனி பாயில் இயக்கி, ஃபிராங்க் காட்ரெல்-பாய்ஸ் எழுதி 2004-இல் வெளிவந்த ‘மில்லியன்ஸ்’ என்ற ஆங்கிலப் படம் அதைத்தான் தொடுகிறது. மதுரையில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில், எட்டு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இதை இரண்டு முறை திரையிட்டிருக்கிறேன். முதல் முறை படம் முடிந்ததும் நீதியை நானே எடுத்துச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். இரண்டாம் முறை, அவர்கள் எண்ணிப் பார்த்து, சண்டையிட்டு, முடிவு சொல்லும் வரை வாயைத் திறப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். அந்த இரண்டாம் மாலையின் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெரியவர் ஒருவர் தனியாகப் படத்தைப் பார்த்துவிட வேண்டும். தாயை இழந்த இரண்டு சிறுவர்கள் தந்தையோடு புதிய குடியிருப்புக்குக் குடிபோகிறார்கள். இளையவன் டேமியன் ரயில்பாதை ஓரமாக அட்டைப்பெட்டிகளால் கட்டிய குடிசையின்மேல் ஒரு பை நிறையப் பணம் வந்து விழுகிறது. கிறிஸ்தவப் புனிதர்கள் தன் கண்ணுக்குத் தெரிவதாக நம்பும் அவன், கடவுள் அனுப்பிய பணமென்று எண்ணி ஏழைகளுக்குக் கொடுக்க நினைக்கிறான். அண்ணன் ஆண்டனியோ அதை வைத்து வீடு வாங்கலாம், பெருக்கலாம் என்று கணக்குப் போடுகிறான். பணத்தைத் தேடி வரும் திருடன் வீட்டுக்குள் நுழையும் காட்சி சிறு பிள்ளைகளைப் பயமுறுத்தக்கூடும். அதைவிட முக்கியமானது தாயின் இழப்பு. அம்மா இறந்துவிட்டார் என்று சொன்னால் பெரியவர்கள் இளகிப்போய்க் கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள் என்பதை அந்தச் சிறுவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். நம் கூட்டத்தில் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளை இருந்தால், வீட்டுப் பெரியவரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லி அவர் சம்மதத்தைப் பெற்றுவிடுங்கள். அந்தப் பிள்ளையைக் கேள்விகளின் நடுவில் நிறுத்தாதீர்கள்.

மொழி பெரிய தடையில்லை. வட இங்கிலாந்துப் பேச்சு பெரியவர்களுக்கே சட்டெனப் பிடிபடாது என்பதால் திரையின் அடியில் ஓடும் எழுத்து வசனத்தை வைத்துக்கொண்டு, சில இடங்களில் மட்டும் நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள். படம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். நிறுத்திப் பேசுவதற்குச் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்கினால் அவசரம் இருக்காது.

தேவையான பொருள் ஒரு மஞ்சப்பையும் பழைய செய்தித்தாளும்தான். இன்றைய ஐந்நூறு ரூபாய்த் தாள் 66 மில்லிமீட்டர் அகலமும் 150 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அதே அளவில் நானூறு துண்டுகளைப் பிள்ளைகளையே வெட்டச் சொல்லி, நூறு நூறாகக் கட்டி ரப்பர் போடச் செய்யுங்கள். ஒரு கட்டு 50,000 ரூபாய். நான்கும் சேர்ந்தால் இரண்டு லட்சம். வெட்டும்போதே விளையாட்டாகத்தான் தொடங்குவார்கள். ஆனால் ரப்பர் போட்ட கட்டைக் கையில் வாங்கியதும் அவர்கள் குரல் சற்றுத் தாழ்வதை நீங்களே கவனிப்பீர்கள்.

குடிசையின்மேல் பை விழுந்ததும் படத்தை நிறுத்தி, மஞ்சப்பையை நடுவில் வையுங்கள். படத்தின் கதைப்படி பிரிட்டன் பவுண்டைக் கைவிட்டு யூரோவுக்கு மாறப்போகிறது. சில நாட்களில் அந்தத் தாள்களெல்லாம் செல்லாமல் போய்விடும். (உண்மையில் 2002 ஜனவரி 1-இல் யூரோ தாள்கள் பல ஐரோப்பிய நாடுகளில் புழக்கத்துக்கு வந்தபோதும் பிரிட்டன் பவுண்டை விடவில்லை, இது எழுத்தாளரின் கற்பனை.) இந்தக் கெடு நம் பிள்ளைகளுக்கு விளங்க, வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரை அழைத்து உட்கார வைப்பதுதான் நல்ல வழி. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதும், டிசம்பர் 30 வரை வங்கியில் கட்டுவதற்குக் கெடு இருந்ததும் பிள்ளைகளில் பலருக்கு நினைவில் இல்லாத, சிலருக்குப் பிறப்பதற்கே முந்தைய கதை. எங்கள் மாடிக்கு வந்த அப்பத்தா ஒருவர், அரிசிப் பானைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த தன் சிறுவாட்டுப் பணத்தை அந்த வாரம் மகன் முன்னால் எடுத்து வைக்க நேர்ந்ததைச் சொன்னார். “பதினோரு வருசம் சேத்தது. எங்கிட்ட காசு இருக்குன்னு வீட்டுக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு” என்றார். நான் எத்தனை விளக்கியிருந்தாலும் இந்த ஒரு பேச்சுக்கு ஈடாகியிருக்காது. செல்லாமல் போகப்போகும் பணம் எப்படி அவசரப்படுத்தும், எப்படி மறைத்ததை வெளியே கொண்டுவரும் என்பது பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிட்டது.

அதன்பின் கட்டுகளை எடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ‘எது சரி’ என்று கேட்காதீர்கள்; ‘யாருக்கு, எவ்வளவு, எப்போது’ என்று மட்டும் கேட்டு, ஆளுக்கொரு தாளில் எழுத வையுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பவரிடம், ‘யாரிடம்?’ என்று கேளுங்கள். இந்தச் சிறு கேள்வி, மனப்பாடப் பதிலை அப்படியே நிறுத்திவிடும்.

அடுத்ததாக நிறுத்த வேண்டிய இடங்கள், டேமியன் கொடுக்கும் காட்சிகள். வீடற்றவர்களைப் பீட்சா கடைக்கு அழைத்துப்போய்ச் சாப்பிட வைக்கிறான். எளிய வாழ்வு வாழ்பவர்கள் என நம்பி ஒரு வீட்டுக் கதவில் கடிதம் போடும் துளை வழியே பணத்தைப் போடுகிறான். அங்கே புதிய வீட்டுச் சாதனங்கள் வந்து இறங்குகின்றன. கொடுப்பது நல்லதுதானே என்றிருந்த பிள்ளைகள் இங்கே தடுமாறுவார்கள். கொடுத்தபின் அந்தப் பணத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா என்ற வாதம் எங்கள் மாடியில் அரைமணி நேரம் ஓடியது. அதை முடித்துவைக்க முயலாமல் படத்தைத் தொடர்ந்தேன்.

பணம் எங்கிருந்து வந்தது என்பது தெரியவரும் இடத்துக்கு நிறைய நேரம் கொடுங்கள். எரிப்பதற்காக ரயிலில் கொண்டுபோன பழைய தாள்களைத்தான் திருடர்கள் கொள்ளையடித்திருக்கிறார்கள். எரிக்கப்போவதை எடுத்தால் அது திருட்டா, யாருக்கு நட்டம் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நம் ரிசர்வ் வங்கியும் அழுக்கடைந்த தாள்களைத் துண்டு துண்டாக அரைத்துக் கட்டிகளாக அழுத்திவிடுகிறது என்பதையும், அவற்றுக்கு ஈடாகப் புதிய தாள்கள் வருவதால் பழையவையும் வெளியே உலவினால் இரண்டும் சேர்ந்து பணத்தின் மதிப்பையே குலைக்கும் என்பதையும் இங்கே சொல்லலாம்.

அதோடு, நம் ஊர்க் கதை ஒன்றையும் அருகில் வையுங்கள். மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்த வாதவூரர் (மாணிக்கவாசகர்), குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டுவிட்டார். சிவன் நரியைப் பரியாக்கியதையும், வந்தியின் பிட்டுக்கு மண் சுமந்ததையும் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் பார்க்கும் மதுரைப் பிள்ளைகள், கதையின் தொடக்கத்தில் இருக்கும் அந்தச் செலவைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். பிறர் பணத்தில் செய்த நற்செயல் என்ற வகையில் டேமியனும் வாதவூரரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இரண்டையும் சேர்த்து நான் சொன்னபோது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “அது ராஜா காசா, இல்ல வரி கட்டுன சனத்தோட காசா?” என்று கேட்டாள். பக்தியைக் குறைத்துவிடும் என்று அஞ்சி இத்தகைய கேள்வியை அடக்கிவிடாதீர்கள். கேட்டவளுக்கு அந்தக் கதை அன்றுதான் சொந்தமாயிற்று.

முடிவுக் காட்சிகளுக்கு முன் புனித பேதுரு வரும் இடத்தைத் தவறவிடாதீர்கள். சில அப்பமும் மீனும் ஆயிரக்கணக்கானோருக்குப் போதுமானது எப்படி என்பதை அவர் விளக்குகிறார்: ஒரு சிறுவன் தன்னுடையதை வெளியே எடுத்ததும், மடியில் ஒளித்து வைத்திருந்த மற்றவர்களும் எடுத்தார்கள். இறுதியில் டேமியன் மிச்சப் பணத்தைத் தண்டவாளத்தின் அருகே எரித்துவிடுகிறான். அதன்பின்தான் குடும்பத்தார் ஒவ்வொருவரும் ஆளுக்குக் கொஞ்சம் ஒளித்து வைத்திருந்தது வெளியே வருகிறது. அந்தப் பணம் ஆப்பிரிக்காவில் கிணறு தோண்டப் போகிறது. இந்தக் காட்சி ஓடும்போது, நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு செய்தித்தாள் கட்டை எடுத்து, யாரையும் பார்க்காமல் மஞ்சப்பைக்குள் போட்டான். வெறும் காகிதம். பிரிக்கும்போது ஒரு கட்டு குறைந்ததை நான் கவனித்திருந்தேன், கேட்கவில்லை. உங்களுக்கும் அப்படி ஒன்று நேரலாம். அப்போது நீங்களும் எதுவும் கேட்காதீர்கள்.

‘நெசமாவே கிடைச்சா என்ன செய்யணும்?’ என்ற கேள்வி கடைசியில் வரும். அதற்கு மட்டும் தெளிவான பதிலைப் பெரியவர் சொல்லியாக வேண்டும். பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவர் அதைப் பாதுகாக்கக் கடமைப்பட்டவர் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 71-ஆம் பிரிவில் சொல்கிறது. உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி எடுக்காமல் தனதாக்கிக்கொள்வது, குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவின்படி குற்றம். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு எடுத்து வைப்பது குற்றமாகாது. எனவே பிள்ளை தனியாக எங்கும் போகாமல் முதலில் வீட்டாரிடம் சொல்ல வேண்டும். பேருந்தில் கிடைத்தால் நடத்துநரிடமும், ரயில் நிலையத்தில் கிடைத்தால் நிலைய அதிகாரியிடமோ ரயில்வே பாதுகாப்புப் படையிடமோ, தெருவில் கிடைத்தால் அருகிலுள்ள காவல் நிலையத்திலும் பெரியவரோடு போய் ஒப்படைக்க வேண்டும். எவ்வளவு இருந்தது, எந்தப் பையில் இருந்தது என்பதை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். தேடி வருபவர் தாமாகவே அடையாளம் சொல்லட்டும். ஒப்படைக்கும்போது தாள்களை அவர்கள் முன்னிலையிலேயே எண்ணி, தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதைக் கண்டெடுத்த பிள்ளையின் கையிலேயே கொடுங்கள்.